அடிக்கணக்கும் நாள்கணக்கும்

சென்னையில் நாளிதழ் வாங்குகிறவர்களுக்கு அந்தச் சிறு கட்டம் பழக்கமானது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று பெயர்கள். பக்கத்தில் கொள்ளளவு, இருப்பு, நீர்வரத்து, திறப்பு. 2020-க்குப் பிறகு கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகையும் வரிசையில் சேர்ந்துகொண்டது. பெரும்பாலோர் ராசிபலனுக்குப் போகிற வழியில் அதைத் தாண்டிவிடுவார்கள். மே மாதத்தில் மட்டும் சற்றே நின்று பார்ப்பார்கள். குடிநீர்ப் பொறியாளராகவே காலம் தள்ளி ஓய்வுபெற்ற ஒருவருக்கு அந்தக் கட்டம்தான் முதல் பக்கம். இருப்பு என்ற எண் கண்ணில் பட்டதும் மனத்துக்குள் ஒரு வகுத்தல் தானாக நடந்துவிடும். இத்தனை மில்லியன் கன அடி என்றால் எத்தனை நாள்?

அந்த வகுத்தல் கைவரவே புதிதாக வேலைக்கு வருகிறவருக்குச் சில மாதம் பிடிக்கும். அளவைகள் செய்யும் கூத்து அப்படி. ஏரியின் ஆழம் அடியில். கொள்ளளவு மில்லியன் கன அடியில். மதகு வழியே போவது வினாடிக்கு இத்தனை கன அடி. சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நுழைந்ததும் எல்லாம் லிட்டருக்கு மாறிவிடும். அங்கே பேச்சு ‘எம்.எல்.டி.’, அதாவது நாளொன்றுக்கு எத்தனை பத்து லட்சம் லிட்டர் என்பது. தெருவுக்கு வந்தால் லாரி லோடு. வாசலுக்கு வந்தால் குடம்.

மூத்தவர்கள் சில எண்களை மனப்பாடமாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு மில்லியன் கன அடி 2.83 கோடி லிட்டர். வினாடிக்கு ஒரு கன அடி நாள் முழுதும் ஓடினால் ஏறத்தாழ 24.5 லட்சம் லிட்டர். மாநகரத்துக்கு மாதம் ஒரு டி.எம்.சி., அதாவது ஆயிரம் மில்லியன் கன அடி, வேண்டும். ஐந்து ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு 11,757 மில்லியன் கன அடி. எல்லாம் ததும்பி நின்றால் கிட்டத்தட்ட ஒரு வருடத்துக்குத் தாங்கும் போலத் தோன்றும். தோன்றத்தான் செய்யும். காகிதத்தில் இருக்கும் அந்தத் தண்ணீருக்கும் குழாயில் வந்து விழும் தண்ணீருக்கும் நடுவே எங்கெங்கே கசிகிறது என்று தேடுவதிலேயே அவருடைய பணிக்காலம் கழிந்தது.

ஏரிக்கரையில் அவருக்கு முதல் பாடம் சொன்னவர் ஒரு லஸ்கர். மதகு திறப்பது, கரையைச் சுற்றிவருவது, காலையில் அளவுகோலைப் படித்துச் சொல்வது ஆகியவை அவர் வேலை. செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி. “பன்னெண்டு அடி இருக்குதுன்னா பாதி ஏரி இருக்குதுன்னு எழுதிடாதீங்க சார்” என்றாராம் அந்தப் பெரியவர். “மேல இருக்கற அடி வேற, கீழ இருக்கற அடி வேற.” பொறியியல் கல்லூரியில் கொள்ளளவு வளைவு என்று வரைபடம் போட்டுப் படித்தது இதைத்தான். ஆனாலும் கரையில் நின்று கேட்டபோதுதான் அது உறைத்தது.

நம் ஏரிகள் அகன்ற, ஆழமில்லாத பாத்திரங்கள். நிறைந்திருக்கும் செம்பரம்பாக்கத்தின் நீர்ப்பரப்பு சுமார் 25 சதுர கிலோமீட்டர். உச்சியில் இருக்கும் ஓர் அடித் தண்ணீர் மட்டுமே ஏறத்தாழ 270 மில்லியன் கன அடி. மாநகரத்துக்கு ஏழெட்டு நாள். அதே ஓர் அடி ஏரியின் அடிமட்டத்தில் அந்தப் பரப்பில் ஒரு மூலையைத்தான் நனைக்கும். அதிலும் வண்டல் வேறு. பத்திரிகைக்குத் தெரிவது “இன்று நீர்மட்டம் ஓர் அடி குறைந்தது” என்ற செய்தி. அந்த அடி எந்த அடி என்று பார்ப்பவர் பொறியாளர். கோடையின் பிற்பகுதியில் மட்டம் சரசரவென இறங்கும்போது, யாரோ தண்ணீரைத் திருடுவதாகவே ஊர் பேசும். திருட்டு ஒன்றும் இல்லை, பாத்திரம் குறுகிவிட்டது.

திருடன் ஒருவன் உண்டுதான். அவன் வெயில். ஏரி நிறைந்திருந்து நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானால், செம்பரம்பாக்கத்திலிருந்து மட்டும் 15 கோடி லிட்டர் காற்றில் போகிறது. நெம்மேலியில் 2024-ல் திறக்கப்பட்ட இரண்டாவது கடல்நீர் ஆலை ஒரு நாள் முழுக்க மின்சாரத்தைத் தின்று உற்பத்தி செய்வதும் அதே 15 கோடி லிட்டர்தான். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் அமைச்சர்கள்கூட ஒரு நிமிடம் பேச்சை நிறுத்துவார்கள் என்பது அவர் அனுபவம். தீர்வு கேட்டால் கைவசம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஏரிக்குக் கூரை போட முடியாது. சிறிய, ஆழமற்ற ஏரியின் தண்ணீரை முதலில் செலவழித்துவிடுவது, பூண்டியில் இருப்பதைக் கால்வாய் வழியே இறக்கிப் புழலில் சேர்த்துவிடுவது என்று சில கைமுறைகள் உண்டு. எந்த ஏரியில் எப்போது எவ்வளவு வைப்பது என்ற இந்த இடமாற்ற வேலையைப் பற்றி எங்கும் செய்தி வராது. ஆனால் கோடையில் சில நாட்களை மிச்சம் பிடித்துத் தருவது அதுதான்.

இந்த ஏரிகளில் பலவும் குடிநீருக்காக வெட்டப்பட்டவை அல்ல. பாசனத்துக்காக இருந்தவற்றை நகரம் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. 1772-ல் கேப்டன் பேக்கர் போட்ட திட்டப்படி ஏழு கிணறுகளிலிருந்து கோட்டைக்குத் தண்ணீர் போனது. வடசென்னையில் அந்த வட்டாரத்துக்கு ஏழுகிணறு என்ற பெயர் இன்றும் நிற்கிறது. அடுத்த நூறு ஆண்டு ஊர் பெரும்பாலும் கிணற்றையும் குளத்தையும் நம்பியிருந்தது. ஃப்ரேசர் என்ற பொறியாளரின் திட்டப்படி தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலையாற்றை மறித்து, சோழவரம், புழல் ஏரிகளுக்குத் திருப்பி, அங்கிருந்து திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம்வரை கொண்டுவந்தது 1872-ல். வடிகட்டாத தண்ணீர் அது. வழியெல்லாம் மாடு குளிக்கும். மேட்லி என்ற பொறியாளர் வந்து மூடிய கால்வாயும் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளும் அமைத்து 1914-ல் ஓடவிட்ட பிறகுதான், இன்றைய பொருளில் குடிநீர் என்று சொல்லத்தக்கது குழாயில் வந்தது. பூண்டி அணை 1944-ல் முடிந்தது. அதற்காக மன்றாடிய மேயர் சத்தியமூர்த்தி அதைப் பார்க்காமலே முந்தைய ஆண்டு காலமானார். நீர்த்தேக்கம் அவர் பெயரில்தான் இருக்கிறது. குடிநீருக்கென்று தனி வாரியம் வந்தது 1978-ல்.

வாரியம் வந்ததில் ஒரு விசித்திரமும் கூடவே வந்தது. ஏரிக்கரையும் மதகும் பொதுப்பணித் துறையின் நீர்வளப் பிரிவிடம் (2021 முதல் அது தனித் துறை). ஏரிக்குள் இருக்கும் தண்ணீரைச் சுத்தம் செய்து ஊருக்குக் கொடுப்பது வாரியத்திடம். ஒருவருக்குக் கரை உடையக் கூடாது. மற்றவருக்குக் குழாய் வறளக் கூடாது. இரண்டு கவலையும் நியாயமானவை, இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பவை. அதைப் பிறகு பார்ப்போம்.

புழலிலிருந்து கீழ்ப்பாக்கத்துக்குத் தண்ணீர் தன் சரிவிலேயே வந்துவிடும். சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நுழைந்த பின்புதான் ரசாயனம், மின்சாரம், ஷிப்டு. படிகாரம் எவ்வளவு போடுவது என்பது தினமும் மாறும். ஆறு கண்ணாடிக் குவளைகளில் ஏரித் தண்ணீரை ஊற்றி, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு படிகாரம் போட்டுக் கலக்கி, எதில் கலங்கல் நன்றாகத் திரண்டு அடியில் உட்காருகிறது என்று பார்க்க வேண்டும். முதல் மழை வந்ததும் செம்மண் கலங்கல். அது சுலபம். கஷ்டமானது கோடைத் தண்ணீர். பார்க்கத் தெளிவாக இருக்கும். ஆனால் வற்றிய ஏரியில் பாசி பெருகி, சேற்று வாடை ஏறியிருக்கும். வடிகட்டியில் பாசி அடைத்துக்கொண்டு, கழுவவே நிறையத் தண்ணீர் போகும். தண்ணீர் இல்லாத காலத்தில்தான் தண்ணீரைக் கழுவத் தண்ணீர் அதிகம் வேண்டும்! இந்த வாடைக்குப் புகார் வராத கோடையே கிடையாது. உடலுக்குக் கெடுதல் இல்லை என்று எத்தனை சொன்னாலும் மூக்கு ஒத்துக்கொள்வதில்லை.

குளோரின் வாடைக்கு வரும் புகாரை மட்டும் அவர் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. சிறு குழாயில் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் காட்ட வேண்டும். காட்டாத இடத்தில் ஏதோ ஒன்று குளோரினைத் தின்றிருக்கிறது. அந்த ஏதோ ஒன்று பெரும்பாலும் சாக்கடை.

இங்கேதான் சென்னை போன்ற ஊர்களின் பெரிய சிக்கல் வருகிறது. குழாயில் இருபத்து நான்கு மணி நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் நின்றால், விரிசல் வழியே தண்ணீர் வெளியே கசியும். நஷ்டம்தான், ஆனால் ஆபத்தில்லை. குறிப்பிட்ட நேரம் மட்டும் விட்டு நிறுத்தினால், மீதி நேரம் குழாய் வெறுமையாகக் கிடக்கும். வெறுங்குழாய் உறிஞ்சும். போதாததற்கு வாசலில் அடிபம்பு, அதற்குமேல் சிலர் திருட்டுத்தனமாக வைக்கும் மோட்டார். பக்கத்தில் கழிவுநீர்க் குழாய் கசிந்துகொண்டிருந்தால், அது எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘சிக்கனமாக விடுகிறோம்’ என்று எடுக்கும் முடிவு, சில தெருக்களில் வயிற்றுப்போக்காக முடியும். வறட்சிக் காலத்தில் விநியோக நேரத்தைக் குறைக்கும் உத்தரவில் கையெழுத்திடும்போதெல்லாம், குளோரின் அளவை ஏற்றச் சொல்லும் இன்னோர் உத்தரவையும் சேர்த்தே அனுப்புவது அவர் வழக்கம்.

அந்த உத்தரவைத் தெருவில் நடத்திக்காட்டுபவர் வால்வு மேன். நகரத்துக் குழாய்களின் உண்மையான வரைபடம் பல பகுதிகளில் இவர்கள் தலைக்குள்தான் இருந்தது. எந்த மூடிக்குக் கீழே எந்த வால்வு, எத்தனை சுற்று சுற்றினால் எந்தத் தெருவுக்கு ஏறும், எது பாதியில் இறுகிவிடும், தார் போட்டபோது எது புதைந்துபோனது என்பதெல்லாம் அலுவலகத்துப் படத்தில் இருக்காது. நீண்ட இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்புவார்கள். மேட்டுத் தெருவுக்குக் கொடுக்கப் பள்ளத் தெருவை அடக்க வேண்டும். பள்ளத் தெருவில் கவுன்சிலர் வீடு இருந்தால் அது தனிக் கதை. “படத்துல நீங்க கோடு போடுவீங்க சார். கடைசி வீட்டம்மா கொடத்தத் தூக்கினு என்னத்தான் தேடி வரும்” என்று ஒருவர் சொன்னதை அவர் அடிக்கடி எடுத்துச் சொல்வார். குழாயின் கடைக்கோடியில் இருக்கும் வீட்டுக்குத் தண்ணீர் ஏறினால் திட்டம் சரி. கொள்ளளவு, எம்.எல்.டி. எல்லாம் அந்த ஒரு வீட்டில்தான் சோதிக்கப்படும்.

2003–04 வறட்சியில் அந்தச் சோதனையே நின்றுபோனது. ஏரிகள் வற்றி, ஏறக்குறைய ஓராண்டு நகரின் பெரும்பகுதியில் குழாய் விநியோகம் இல்லாமலே போயிற்று. எல்லாம் லாரி. பொறியாளர்கள் லாரி ஷெட் மேலாளர்களானார்கள். திருவள்ளூர் மாவட்டத்து விவசாயக் கிணறுகளை வாடகைக்குப் பேசித் தண்ணீர் எடுத்தார்கள். வயலுக்குப் பாய்ந்தால் கிடைப்பதைவிட நகரத்துக்கு விற்றால் கூடுதல் காசு. விவசாயி விற்றார், பக்கத்து விவசாயியின் கிணறு இறங்கியது, அவர் சண்டைக்கு வந்தார். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மீஞ்சூர் பக்கமே சாட்சி. 1960-களின் இறுதியில் ஐ.நா. உதவியோடு ஆராய்ந்து கண்டறிந்த நல்ல நீர்ப்படுகைகள் அவை. தொடர்ந்து இறைத்ததில் கடல் உள்ளே வந்துவிட்டது.

ஓராண்டு காய்ந்து கிடந்த குழாயில் மறுபடி தண்ணீர் விடுவது புதுக்குழாயில் விடுவதைவிடச் சள்ளை பிடித்த வேலை. உள்ளே துரு பெயர்ந்திருக்கும். இணைப்புகள் உலர்ந்து விட்டுப்போயிருக்கும். மேட்டுப்பகுதிகளில் காற்று அடைத்துக்கொண்டு தண்ணீரை நகரவிடாது. முதல் சில நாள் வந்தது காப்பித் தண்ணீர். மக்கள் அதையும் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்கள் என்று சொல்லும்போது அவர் குரலில் பெருமை இல்லை, சங்கடம்தான் இருக்கிறது.

அந்த வறட்சி இரண்டு காரியங்களை நடத்தியது. கட்டடங்களில் மழைநீர் சேமிப்பு 2003-ல் கட்டாயமானது. வீராணம் ஏரித் தண்ணீர் 2004-ல் வந்தது. வீராணத்துக்கு ஒரு முன்கதை உண்டு. அறுபதுகளின் இறுதியில் தொடங்கிய பழைய திட்டம் பாதியில் நின்று, அதற்காக வார்த்த ராட்சதக் கான்கிரீட் குழாய்கள் சாலையோரமாகப் பல ஆண்டுகள் கிடந்தன. வீடற்றவர்கள் அவற்றில் குடித்தனமே நடத்தினார்கள். புதிய திட்டம் சோழர் காலத்து ஏரியிலிருந்து வடக்குத்து சுத்திகரிப்பு நிலையம் வழியாக 235 கிலோமீட்டர் தாண்டி நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுவருகிறது. வீராணத்தின் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடிதான். ஆனால் அதற்குப் பின்னால் காவிரியும் கொள்ளிடமும் இருப்பதால் அது சிறிய ஏரியாகத் தெரிவதில்லை.

கிருஷ்ணா நீர் இதற்கு முந்தியது. 1976 உடன்பாட்டின்படி மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தலைக்கு 5 டி.எம்.சி. விட்டுக்கொடுத்தன. வழியில் ஆவியாவது போக 12 டி.எம்.சி. தமிழக எல்லைக்கு வர வேண்டும். முதல் தண்ணீர் எட்டிப்பார்த்தது 1996-ல். கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து எல்லைவரை கால்வாய் 152 கிலோமீட்டர். ஆரம்பத்தில் மண்கால்வாயிலேயே பெரும்பகுதி தொலைந்தது. சத்ய சாய் பாபாவின் அறக்கட்டளை செலவில் கால்வாயைச் செப்பனிட்டுக் கான்கிரீட் பூசிய பிறகு நிலைமை மாறியது. அப்படியும் பெரும்பாலான ஆண்டுகளில் 12 முழுதாக வந்ததில்லை. ‘ஜீரோ பாயின்ட்’ என்று சொல்லப்படும் எல்லை அளவீட்டு இடத்தில் நின்று, இன்றைக்கு வினாடிக்கு இத்தனை கன அடி என்று இரு மாநிலப் பொறியாளர்களும் எழுதுவார்கள். அங்கே சண்டை வராது. இரண்டு பக்கத்திலும் இருப்பவர்கள் ஒரே தொழில்காரர்கள். மேலே எப்போது திறப்பார்கள் என்பது இருவர் கையிலும் இல்லை.

2019 ஜூனில் நான்கு ஏரிகளையும் கூட்டினாலும் மொத்தக் கொள்ளளவில் ஒரு சதவீதம்கூட இல்லை. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டராக இருந்த விநியோகம் 52.5 கோடிக்குக் குறைக்கப்பட்டது. மதகுக்குக் கீழே தேங்கியிருந்ததை மோட்டார் வைத்து இறைத்தார்கள். மாங்காடு அருகே சிக்கராயபுரத்துக் கல்குவாரிக் குட்டைகளிலிருந்து செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் குழாய் போட்டார்கள். ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரி நீரோடு வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்தது. மாலை, தேங்காய், தொலைக்காட்சிக் கேமராக்கள். அவர் அந்தக் கூட்டத்தில் ஓரமாக நின்று பழைய வாய்ப்பாட்டை நினைத்துக்கொண்டார். 25 லட்சம் லிட்டர் என்றால் வினாடிக்கு ஒரு கன அடி, ஒரு நாளைக்கு. ஒரு சின்ன வாய்க்கால் ஓசைப்படாமல் கொண்டுவருவதை ஐம்பது வேகன்களும் இருநூறு கிலோமீட்டர் தண்டவாளமும் கொண்டுவந்திருந்தன. ரயிலை அவர் கேலி செய்யவில்லை. அந்தத் தண்ணீர் போன தெருக்களில் அது வேண்டியிருந்தது. ஆனால் ரயிலைப் பார்க்க வந்த கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்காவது, ஒரு விரிசல் குழாயைச் சரிசெய்யும் இடத்துக்கு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்கிறார்.

வறட்சியைப் பற்றிப் பேசும்போது விரல்களை மடக்கி எண்ணும் அவர், வெள்ளம் என்று வந்தால் மெதுவாகப் பேசுகிறார். சென்னைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 140 சென்டிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர்வரை, சில புயல்களையும் தாழ்வு மண்டலங்களையும் நம்பி வருவது. ஆகவே வருடம் முழுதும் குடிக்கப்போகும் தண்ணீரை விரல்விட்டு எண்ணக்கூடிய சில மழைகளில் பிடித்தாக வேண்டும். நவம்பர் மூன்றாவது வாரத்தில் செம்பரம்பாக்கம் இருபத்திரண்டு அடியில் நிற்கிறது என்று வையுங்கள். வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம். வந்தால் ஊரை மூழ்கடிக்கும். ஆந்திரப் பக்கம் போனால் சொட்டுகூட வராது. இப்போதே ஷட்டரைத் தூக்கி இரண்டடி இறக்கிவைத்தால், மழை தவறினால் மே மாதத்தில் “அன்றைக்கு ஏன் கடலுக்கு விட்டீர்கள்?” என்று கேட்பார்கள். இறக்காமல் காத்திருந்து மழை கொட்டினால் “ஏன் முன்கூட்டியே திறக்கவில்லை?” என்று கேட்பார்கள். இரண்டு கேள்வியும் ஒரே நாளிதழில், ஆறு மாத இடைவெளியில் வரும்.

2015 நவம்பர் முழுதும் இப்படித்தான் போனது. நுங்கம்பாக்கத்தில் அந்த ஒரு மாதத்தில் மட்டும் 105 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் முதல் நாள் தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்திலிருந்து வெளியேற்றம் வினாடிக்கு 29,000 கன அடிவரை ஏறியது. அந்த வேகத்தில் ஒரு நாள் ஓடினால் இரண்டரை டி.எம்.சி.; மாநகரின் இரண்டரை மாதக் குடிநீர், ஒரே நாளில் அடையாற்றில். அதே ஆற்றில் ஆதனூர், முடிச்சூர் பக்கத்து ஏரிகளின் உபரி வேறு வந்து கலந்தது. அவற்றுக்கு ஷட்டர் கிடையாது, நிரம்பினால் கலங்கல் வழியே வழியும். ஏரியில் இன்னும் இடம் இருந்தபோதே அளவுக்கு மிஞ்சித் திறந்ததாகத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை பின்னர் குறை சொன்னது; அரசுத் தரப்பு அதை ஏற்கவில்லை. கரையில் இல்லாத அவர் யார் சரி என்று தீர்ப்பு சொல்ல மறுக்கிறார். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறார். அன்று இரவு எத்தனை கன அடி என்பதைவிட, அதற்குப் பத்து நாள் முன்னால் ஏரியை எத்தனை அடியில் வைத்திருந்தோம் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. விடாது மழை பெய்யும் இரவில் ஷட்டர் பக்கத்தில் நிற்பவனுக்குத் தேர்வு ஒன்றும் மிச்சமில்லை. தேர்வு இருந்தது முந்தைய வாரம். அப்போது அவனுக்கு மே மாத பயம்.

அந்தப் பயத்தைத்தான் குறைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. வறட்சிக்கு மருந்து என்பது ஒன்று, மின்சாரத்தை விழுங்கும் வெள்ளை யானை என்பது மற்றொன்று. மீஞ்சூர் ஆலை 2010-லும் நெம்மேலி முதல் ஆலை 2013-லும் ஓடத் தொடங்கின, ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2019-ல் ஏரிகள் வெடித்துக் கிடந்தபோது அவை ஓடியதால்தான் குழாயில் ஏதோ வந்தது. ஆனால் அவர் அவற்றை வேறு விதமாகப் பார்க்கிறார். மழை தவறினாலும் கடல் இருக்கிறது என்ற துணிவு இருந்தால், நவம்பர் முதல் வாரத்தில் தயங்காமல் ஷட்டரைத் தூக்கலாம். அவர் கணக்கில் ஆலையின் பெரிய பயன் மழைக்காலத்தில்தான்.

நடைமுறையில் இது தலைகீழாக நடக்கிறது. ஐந்து ஏரியும் நிறைந்திருக்கும் மாதங்களில் ஆலைகளின் மின்கட்டணக் கோப்பு மேசைக்கு வரும். “ஏரியே ரொம்பிக் கெடக்கே, இப்ப எதுக்கு இந்தச் செலவு?” என்ற கேள்வி எந்த ஊர்க் குடிநீர் அலுவலகத்திலும் நிதிப்பிரிவிலிருந்து கிளம்பும். ஏரித் தண்ணீர் மலிவு. அதை முதலில் தீர்த்துவிட்டுக் கடலுக்குப் போகலாம் என்பது அவர்கள் வாதம். ஒரு வருடத்தை மட்டும் பார்த்தால் அது சரிதான்.

இன்றைக்கு இளம் பொறியாளர்கள் யாராவது வந்து கேட்டால் அவர் ஒரு துண்டுத் தாளை எடுத்து வைத்துக்கொள்கிறார். செம்பரம்பாக்கத்தில் மேலே இரண்டடியை வெள்ளத்துக்கென்று காலியாக வைத்தால், விட்டுக்கொடுக்கும் தண்ணீர் ஏறத்தாழ 500 மில்லியன் கன அடி, ஊருக்குப் பதினைந்து நாள். பருவமழை பிற்பாதியில் அது நிரம்பிவிட்டால் நஷ்டமே இல்லை. நிரம்பாமல் போனால், நெம்மேலியின் இரண்டாவது ஆலை முழுத்திறனில் ஓடி அதை ஈடுகட்ட மூன்று மாதம் ஆகும். பேரூரில் கட்டப்படும் ஆலையின் திறன் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர். அது ஓடத் தொடங்கிய பிறகு, முப்பத்தைந்து நாள்.